புதுப்படம்: ராமநாதபுரமா, மதுரையா, நாலு வாரம் பொறுப்பதா?

பெரிய ஹீரோ படம் வியாழக்கிழமை வருகிறது. பாம்பனிலோ மண்டபத்திலோ கீழக்கரையிலோ இருக்கும் வீட்டில் புதன்கிழமையே பஞ்சாயத்து தொடங்கிவிடும். பையனுக்கு முதல் நாளே போயாக வேண்டும். “போறதுன்னா மதுரைக்குப் போவோம், சவுண்டு நல்லாருக்கும்” என்பார் மாமா. “ஒரு மாசம் பொறுத்தா வீட்டுக்கே வந்துரும், எதுக்குக் காசக் கரியாக்கணும்” என்பார் அம்மா. மூன்று பேர் சொல்வதும் சரிதான், ஆனால் ஒரே படத்துக்கு அல்ல.

ஹீரோ யார் என்று பார்த்து இடத்தை முடிவு செய்வதில்தான் பெரும்பாலும் காசு வீணாகிறது. பார்க்க வேண்டியது, படத்தின் எடை எதன் மேல் நிற்கிறது என்பது. கூட்டத்தின் மேல் நிற்கிற படம், திரையின் மேல் நிற்கிற படம், பேச்சின் மேல் நிற்கிற படம் என்று மூன்று வகை. டிரெய்லரை இரண்டு முறை பார்த்தாலே தொண்ணூறு சதவீதம் தெரிந்துவிடும். ஒரு முறை சத்தத்தோடு, ஒரு முறை சத்தம் இல்லாமல். சத்தம் இல்லாமல் பார்த்தும் கண் நகரவில்லை என்றால் அது திரைக்கான படம். சத்தத்தை எடுத்ததும் கோட்டு போட்ட ஒருவர் மெதுவாக நடக்கிறார் என்பது மட்டும் மிஞ்சினால், அது கூட்டத்துக்கான படம். அதில் குறை ஒன்றும் இல்லை, கூட்டத்தோடு பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

## எதை வைத்து அளப்பது

நாள். பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்ற முறை இருக்கிறது. ராமேசுவரம், மண்டபம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி போய் மறுநாள் காலை திரும்பும். வியாழன் வெளியீடு என்றால் அன்று காலைதான் படகு கரை சேரும். மீனை இறக்கி, எடை போட்டு, வலையைச் சரிசெய்துவிட்டுத் தியேட்டரில் உட்கார்ந்தால் இடைவேளைக்கு முன்பே தூக்கம் வரும். வெள்ளி மாலையும், பகலில் தூங்கி எழுந்தால் ஞாயிறு மாலையும்தான் தோதானவை. சனி இரவு டிக்கெட்டை முன்கூட்டி எடுத்துவிட்டுப் பிறகு விற்கத் திண்டாடுவது இந்தக் கரையில் வழக்கமான கூத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கணக்கு தலைகீழ்: நேரம் இருக்கும், கையில் காசு ஓடாது.

முழுச் செலவு. டிக்கெட் விலையை மட்டும் பார்ப்பது ஏமாற்றுக் கணக்கு. முன்பதிவுக் கட்டணம் டிக்கெட் ஒன்றுக்கு 35 ரூபாய் அளவில் வரும், பேருக்குப் பேர் பெருகும். பெட்ரோல், சுங்கம், வண்டி நிறுத்தம், இடைவேளைப் பாப்கார்ன், திரும்பும் வழியில் பரோட்டா எல்லாம் சேர்ந்ததுதான் படத்தின் விலை.

சான்றிதழ். ‘ஏ’ என்றால் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை விடமாட்டார்கள். 2024 நவம்பர் முதல் யுஏ என்பதையே யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று பிரித்துவிட்டார்கள். அவை பெற்றோருக்கான எச்சரிக்கை, பெரியவர்களோடு போனால் தடை இல்லை. ‘ஏ’ அப்படி அல்ல. ‘கூலி’ (2025) ‘ஏ’ வாங்கிய படம். ரஜினி படம்தானே என்று பிள்ளைகளோடு கிளம்பினால் 45 கிலோமீட்டர் போய் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

ரகசியம் எத்தனை நாள் தாங்கும். திருப்பத்தின் மேல் நிற்கிற படமா? அப்படியானால் வாட்ஸாப் ஸ்டேட்டஸ் மூன்றாம் நாளே முடிவைச் சொல்லிவிடும். இதைக் கணக்கில் சேர்க்காமல் “ஓடிடியில் பார்த்துக்கலாம்” என்பது அரைக் கணக்கு.

## பாம்பனிலிருந்து நாலு பேர் போனால்

கார் லிட்டருக்கு 18 கி.மீ. தரும், பெட்ரோல் 100 ரூபாய்ச் சொச்சம் என்று வைத்து:

| | ராமநாதபுரம் | மதுரை மல்டிபிளெக்ஸ் | வீட்டு டிவி | ஊர்த் திடல் |
|---|---|---|---|---|
| போக வர தூரம் | 90 கி.மீ. | 320 கி.மீ. | இல்லை | இல்லை |
| டிக்கெட் (நாலு பேர்) | 130 வீதம் 520 | 190 வீதம் 760 | மாதச் சந்தா | இல்லை |
| முன்பதிவு | கவுன்டரில் எடுத்தால் இல்லை | 140 | இல்லை | இல்லை |
| பெட்ரோல் | 500 | 1,800 | இல்லை | ஜெனரேட்டருக்கு |
| தீனி, சாப்பாடு | 300 | 1,200க்கு மேல் | வீட்டுச் சாப்பாடு | சுண்டல், கடலை |
| மொத்தம் | 1,300 முதல் 1,500 | 3,900 + சுங்கம் | படம் ஒன்றுக்கு 170 முதல் 500 | ஊர் வரி |
| எடுக்கும் நேரம் | 5 மணி | 10 மணி | 3 மணி | ஒரு மாலை, முதல் நாள் வேலை தனி |
| எதற்கு | கூட்டத்துப் படம் | திரைக்கான படம் | பேச்சுப் படம் | எல்லோருக்கும் தெரிந்த படம் |

பஸ்ஸில் போனால் முதல் இரண்டின் மொத்தமும் கணிசமாகக் குறையும், நேரம் கூடும். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் 17 கி.மீ.தான் என்பதால் அங்கே உள்ளவர்கள் பெட்ரோலைக் கழித்துக்கொள்ளலாம். தொண்டி, திருவாடானைக்காரர்களுக்குத் தேவகோட்டையும் காரைக்குடியும் கூட ஒரு வழி. சாயல்குடி, மூக்கையூர்ப் பக்கம் தூத்துக்குடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## ராமநாதபுரம், பரமக்குடித் தியேட்டர்

மாஸ் படம் இங்கேதான் மாஸ் படம். ஹீரோ முகத்தைக் காட்டும் முன் காலைக் காட்டி, கையைக் காட்டி, காப்பைக் காட்டி ஒன்றரை நிமிடம் இழுப்பார்கள். அந்த ஒன்றரை நிமிடம் விசில் அடிப்பவர்களுக்காக விட்ட இடம். கூட்டம் இல்லாத இடத்தில் அது வெறும் காலி இடம். இப்போதைய பெரிய படங்கள் முக்கால்வாசி இப்படித்தான் எழுதப்படுகின்றன: அறிமுகம், இடைவேளைச் சண்டை, கடைசியில் வேறொரு பெரிய நடிகர் வந்து தலை காட்டுவது. நடுவில் உள்ள கதை இந்த மூன்று தூணுக்கும் இடையே கட்டிய துணிக்கொடி. இரண்டாம் பாதி தொய்வதற்குக் காரணமும் இதுதான்: இடைவேளைச் சண்டைக்கே மொத்த வெடியையும் கொளுத்திவிட்டு, அதன்பிறகு முன்கதையைச் சொல்ல உட்கார்கிறார்கள். தியேட்டர் கூட்டம் அந்தத் தொய்வைத் தாங்கிக்கொள்ளும். டிவி முன்னால் அந்த நேரத்தில் ஆளாளுக்குப் போனை எடுத்துவிடுவார்கள்.

ஆனால் முதல் நாள் முதல் காட்சி என்பது திருவிழாவுக்குப் போவது, படம் பார்ப்பது வேறு. முதல் 20 நிமிட வசனம் காதில் விழாது. அதிகாலை 4 மணிக் காட்சிகள் 2023 ஜனவரியோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகு வந்த ‘லியோ’, ‘கூலி’ மாதிரிப் பெரிய படங்களுக்கும் தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிதான். ராமேசுவரத்திலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பினால் போதும். கூட்டமும் வேண்டும், வசனமும் வேண்டும் என்பவர்கள் ஞாயிறு மாலைக் காட்சிக்குப் போகட்டும். முக்கால் தியேட்டர் நிறைந்திருக்கும், விசில் அடிக்கிறவர்கள் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவர்களாக இருப்பதால் எங்கே அடிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

குறை எங்கே வரும் என்றால், விளக்கில். சினிமாத் திரையின் வெளிச்சத்துக்கு 14 ஃபுட் லாம்பர்ட் என்று ஒரு அளவு உண்டு. புரொஜெக்டரில் உள்ள செனான் விளக்கு பழசாகப் பழசாக அதில் பாதிக்குக்கூட இறங்கும். விளக்கு விலை அதிகம், அதனால் சின்ன ஊர்களில் ஆயுள் முடிந்தும் ஓட்டுவது உண்டு. பகல் காட்சி உள்ள குடும்பப் படத்துக்கு இது பெரிதாகத் தெரியாது. இன்றைய ஆக்‌ஷன் படங்களோ பாதிக்கு மேல் ராத்திரியில் நடக்கின்றன: கிடங்கு, மழை, துறைமுகம். (துறைமுகம் என்றாலே கன்டெய்னரும் கடத்தலும்தான். மீன் வாடையே இல்லாத அந்தத் துறைமுகம் எந்த நாட்டில் இருக்கிறது என்று இங்கே இறால் எடை போடுகிறவர்களுக்குத்தான் சந்தேகம் வரும்.) மங்கிய விளக்கில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாமல் போகும். சோதிக்க எளிய வழி, படத்துக்கு முன் வரும் விளம்பரம். வெள்ளை வேட்டி விளம்பரத்தில் வேட்டி வெள்ளையாகத் தெரிகிறதா, சாம்பலா, ஓரத்தில் மஞ்சளா என்று பாருங்கள். சாம்பல் என்றால் அடுத்த ராத்திரிப் படத்துக்கு அந்தத் தியேட்டர் வேண்டாம்.

இரண்டாவது சத்தம். தியேட்டர் ஒலிக் கருவியில் 7 என்ற எண்தான் அளவு, அந்த எண்ணில்தான் ஸ்டூடியோவிலும் கலக்கிறார்கள். படத்தையே காது கிழியும்படி கலந்துவிட்டால் ஆபரேட்டர் 5க்கு இறக்குவார். இறக்கினால் சண்டை மட்டும் குறையாது, வசனமும் சேர்ந்து முணுமுணுப்பாகிவிடும். ‘கங்குவா’ (2024) வெளியானபோது சத்தம் பற்றிப் புகார் கிளம்பி, தயாரிப்புத் தரப்பே தியேட்டர்களை 2 புள்ளி குறைக்கச் சொல்ல வேண்டிவந்தது. எனவே “அந்தத் தியேட்டர்ல சவுண்டு சரியில்ல” என்பதில் பாதிப் பழி படத்தைச் சேரும். பக்கச் சுவர் ஸ்பீக்கர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்பதுதான் தியேட்டரின் பொறுப்பு. மழைக் காட்சி வரும்போது சத்தம் முன்னாலிருந்து மட்டும் வந்தால், பக்கவாட்டில் ஒன்றும் ஓடவில்லை என்று அர்த்தம்.

எங்கே உட்கார்வது? முன்னாலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில். பால்கனிக்குக் கீழே உள்ள கடைசி வரிசைகளில் ஒலி அமுங்கும். கதவை ஒட்டிய இருக்கையில் டார்ச் வெளிச்சமும் வாசல் காற்றும் மூன்று மணி நேரமும் கூட வரும். முதல் வார இறுதியில் ஐந்து காட்சி ஓட்டுகிற தியேட்டரில் காட்சிக்குக் காட்சி இடைவெளி குறைவு. பெயர் ஓடத் தொடங்கியதும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். பெயருக்குப் பிறகு ஒரு காட்சி வைக்கும் படங்களில் இதுதான் பெரிய நஷ்டம். எழுந்து நிற்கிறவர்களைத் தாண்டிப் பார்க்கத் தயாராக இருங்கள்.

இரவுக் காட்சிக்கு மறைமுகச் செலவு ஒன்று உண்டு. 10 மணிக் காட்சி விட ஒரு மணி ஆகும். தேவிபட்டினம், ஏர்வாடி, சாயல்குடிப் பக்கம் போகிறவர்கள் கடைசி பஸ்ஸை விசாரிக்காமல் டிக்கெட் எடுத்தால் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு படம் பார்க்கலாம். புயல் கூண்டு ஏற்றிய நாளில் படகுகள் கரையில் கிடக்கும், தியேட்டருக்குப் போகத் தோன்றும். அந்தக் காற்றில் பைக்கில் பாம்பன் சாலைப் பாலம் மட்டும் வேண்டாம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பக்கக் காற்றில் போக வேண்டும்.

## மதுரை

வருடத்துக்கு இரண்டு படத்துக்கு மேல் இந்தச் செலவுக்குத் தகுதி இல்லை. அந்த இரண்டு எது என்பதுதான் கேள்வி.

கடல், படை, கோட்டை என்று விரியும் படம், ஒலியை நுணுக்கமாக அமைத்த படம், இருட்டுக் காட்சி அதிகம் உள்ள படம். இவற்றுக்கு நல்ல விளக்கும் அட்மாஸ் ஒலியும் உள்ள திரை வித்தியாசத்தைக் காட்டும். ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் (2022) அப்படிப்பட்ட படம். அதன் கப்பல் காட்சிகளை 43 அங்குலத்தில் பார்த்துவிட்டு “என்னப்பா பெருசா ஒண்ணும் இல்ல” என்று சொல்வது படத்துக்கு அநியாயம். ஐமேக்ஸில்தான் பார்ப்பேன் என்றால் மதுரையோடு பயணம் முடியாது, கோவை, சென்னை, திருவனந்தபுரம் என்று போக வேண்டும். அது படத்துக்காக அல்ல, வேறு வேலையாகப் போகும்போது சேர்த்துப் பார்ப்பதற்கு.

மாஸ் படத்துக்கு மதுரை மல்டிபிளெக்ஸ் போவதில் அர்த்தம் இல்லை. 200 பேர் சாய்வு இருக்கையில் அமைதியாகப் பாப்கார்ன் கொறிக்கும் இடத்தில் ஹீரோ அறிமுகம் கல்யாண வீட்டில் மைக் வேலை செய்யாத மாதிரி இருக்கும்.

வழி: மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை. அதற்குக் கிழக்கே ராமநாதபுரம் வரை நான்கு வழியாக்க 2025 ஜூலையில்தான் ஒப்புதல் கிடைத்தது. ராத்திரி எதிர் வெளிச்சத்தில் அந்தத் துண்டில் நேரம் கூடும். அதனால் மதியக் காட்சி எடுங்கள். காலை 8 மணிக்குக் கிளம்பி, 12 மணிவாக்கில் காட்சிக்குள் போய், மூன்றரைக்கு வெளியே வந்தால் இருட்டியதும் பாலம் தாண்டிவிடலாம். கண் ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளி, மீனாட்சி அம்மன் கோயில் என்று ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்தால் 1,800 ரூபாய் பெட்ரோல் படத்தின் தலையில் மட்டும் விழாது.

## வீட்டு டிவி

எத்தனை நாள் பொறுப்பது என்பதற்குத் தேதிகளே பதில் சொல்லும். ‘ஜெயிலர்’ 2023 ஆகஸ்ட் 10ல் வந்து செப்டம்பர் 7ல் ஓடிடிக்கு வந்தது, 28 நாள். ‘மகாராஜா’ 2024 ஜூன் 14, ஜூலை 12: அதுவும் 28. ‘கூலி’யும் 28. ‘விக்ரம்’, ‘அமரன்’ இரண்டும் 35. ஆக நாலு வாரம் என்பது அடிமட்டம், தியேட்டரில் நன்றாக ஓடினால் ஐந்து. இந்தி மல்டிபிளெக்ஸ்கள் எட்டு வாரம் கேட்கின்றன. அதற்கு ஒத்துக்கொள்ளாததால்தான் ‘லியோ’வின் இந்திப் பதிப்பு வடக்கே பெரிய சங்கிலித் தியேட்டர்களில் வரவில்லை.

சந்தாவைப் படத்துக்குப் படம் வகுத்துப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸில் 149 ரூபாய்த் திட்டம் போன், டேப்லட்டுக்கு மட்டும். டிவியில் படத் தெளிவு 199 ரூபாய்த் திட்டத்தில் 720 வரை, 499 திட்டத்தில் 1080, 649 திட்டத்தில் 4கே. 199 ரூபாய்த் திட்டத்தை 55 அங்குல டிவியில் போட்டுவிட்டு “பிரிண்ட் சரியில்ல” என்று சொல்லக் கூடாது. மாதம் மூன்று படம் பார்த்தால் 499 திட்டத்தில் படம் ஒன்றுக்கு 166 ரூபாய். ஒரே ஒரு படத்துக்காக எடுத்துவிட்டு அணைக்க மறந்தால் இரண்டாம் மாதத்திலேயே மதுரை டிக்கெட்டைத் தாண்டிவிடும்.

வயர் இணைப்பு இல்லாமல் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. 1080 தரத்தில் மணிக்கு ஏறக்குறைய 3 ஜிபி. மூன்று மணி நேரப் படம் 9 ஜிபி. நாள் 2 ஜிபி பேக்கில் இடைவேளைக்கு முன்பே படம் சுற்ற ஆரம்பித்துவிடும். தரத்தை இறக்கினால் மணிக்கு 1 ஜிபி, அதை இரண்டு ராத்திரியாகப் பிரித்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் போனில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

டிவியில் மூன்று இடம் மாற்ற வேண்டும், யாரும் மாற்றுவதில்லை. முதலாவது, அசைவை வழவழப்பாக்கும் வசதி. சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி, எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று இருக்கும். அதை அணைக்காவிட்டால் 200 கோடிப் படமும் மாலை சீரியல் மாதிரித் தெரியும். இரண்டாவது, படத் தோற்றத்தை ‘விவிட்’டிலிருந்து ‘சினிமா’வுக்கு மாற்றுங்கள். முதலில் மங்கலாக, மஞ்சளாகத் தோன்றும். பத்து நிமிடம் பொறுங்கள், முகங்கள் மனித நிறத்துக்கு வரும். மூன்றாவது, ஒலி. தனி ஸ்பீக்கர் இல்லாத டிவியில் ‘தமிழ் 5.1’ தேர்ந்தெடுத்தால் வசனம் அடியில் போய்ப் பின்னணி இசை மேலே ஏறும். சாதாரணத் ‘தமிழ்’ இருந்தால் அதையே வையுங்கள். கடலோர வீட்டில் படம் விட்டு விட்டு வந்தால் டிவியைப் பழிக்கும் முன் எச்டிஎம்ஐ முனையைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை படிந்திருக்கும்.

வீட்டில் ஜெயிப்பவை பேச்சுப் படங்கள். ‘மெய்யழகன்’ (2024) இரண்டு பேர் ஒரு ராத்திரி முழுக்கப் பேசும் படம். வெளியான சில நாளிலேயே 18 நிமிடத்தை வெட்டினார்கள். வெட்டியது படத்தின் குற்றத்தைவிடத் தியேட்டர் பொறுமையின் குற்றம் என்றே தோன்றுகிறது. பாயில் சாய்ந்துகொண்டு நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவர்களுக்கு அந்த நிதானம்தான் ருசி.

தியேட்டர் பிரிண்ட் என்று டெலிகிராமில் சுற்றுவதைப் பற்றி ஒரு வரி போதும். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு படத்தைத் திருட்டுத்தனமாக எடுத்துப் பரப்பினால் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சத்துக்குக் குறையாத அபராதம். சட்டத்தை விடுங்கள், அந்த இருட்டில் என்ன தெரியும்?

## ஊர்த் திடலில் திரை கட்டுவது

மாதா கோயில் திருவிழா, பொங்கல் விளையாட்டு விழா, சங்கத்து ஆண்டு விழா என்று வரும்போது கேட்கப்படும் வழி. புதுப்படத்துக்கு இது வழி அல்ல. ஓடிடி சந்தா வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். திடலில் போட உரிமை வைத்திருப்பவரின் அனுமதியும், பொதுக் காட்சிக்கான உரிமமும் வேண்டும். பழைய படங்களுக்கு அனுமதி கேட்பது சுலபம், ஊரும் அதைத்தான் விரும்பும். வசனம் மனப்பாடமான படத்தில் கடைசி வரிசைக்குச் சத்தம் எட்டாவிட்டாலும் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

நேரம்தான் முதல் சிக்கல். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மே மாதம் சூரியன் ஆறரைக்கு மறைந்து ஏழு மணிக்குத்தான் இருட்டும். இடைவேளை 15 நிமிடம் போக 2 மணி 40 நிமிடத்துக்கு மேல் உள்ள படம் முடியாது. டிசம்பரில் ஆறரைக்கே தொடங்கிவிடலாம்.

புரொஜெக்டரின் வெளிச்சம் 4,000 ஏஎன்எஸ்ஐ லூமென் என்றால் 20க்கு 11 அடித் திரைக்குப் போதும். 3,000 என்றால் 16க்கு 9 அடிக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். பெட்டியில் வெறும் ‘லூமென்’ என்று பெரிய எண் போட்டிருந்தால் நம்பாதீர்கள், ஏஎன்எஸ்ஐ என்று இருக்க வேண்டும். எச்டிஎம்ஐ வயர் 10 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டு விட்டு வரும். லேப்டாப்பைப் புரொஜெக்டர் பக்கத்திலேயே வைத்து, ஆடியோ வயரை மட்டும் நீளமாக இழுங்கள்.

திரையைக் காற்று தின்றுவிடும். மணிக்கு 30 கி.மீ. காற்று 20க்கு 11 அடித் துணியில் நேராக மோதினால் ஏறக்குறைய 100 கிலோ இழுவை. கச்சான் (மேற்குக் காற்று) வீசும் மாதத்தில் மேற்கைப் பார்த்தோ கிழக்கைப் பார்த்தோ திரை கட்டினால் அது பாய்தான், திரை அல்ல. காற்று திரையின் ஓரத்தைத் தொட்டுப் போகும்படி வடக்கு அல்லது தெற்குப் பார்த்துக் கட்டுங்கள். வாடைக் காலத்தில் நேர்மாறு. கம்பம் மூன்றடி ஆழம் புதைந்திருக்க வேண்டும். மேலும் பக்கமும் இழுத்துக் கட்டி, கீழ் ஓரத்தைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள், காற்று போக வழி வேண்டும். முடிச்சை மட்டும் படகுக்காரரிடம் விட்டுவிடுங்கள். இருட்டுச் சண்டைப் படம் திறந்த வெளியில் கறுப்புத் துணியாகத்தான் தெரியும். பகல் காட்சி, பாட்டு, நகைச்சுவை நிறைந்த படமாக எடுங்கள்.

## இழுபறியாக நிற்கும் படங்கள்

மேலே சொன்ன பிரிவுக்குள் அடங்காதவை இரண்டு வகை.

திருப்பத்தில் வாழும் படம். ‘மகாராஜா’ பேச்சும் நிதானமும் உள்ள படம்தான், கணக்குப்படி வீட்டுக்கு உரியது. ஆனால் முன்னும் பின்னும் மாற்றி அடுக்கிய கதையில் கடைசி அரை மணி நேரம் தெரிந்துவிட்டால் முதல் இரண்டு மணி நேரத்துக்கு வேலை இல்லை. இந்த மாதிரிப் படத்தை முதல் இரண்டு நாளிலேயே பக்கத்துத் தியேட்டரில் பார்த்துவிடுங்கள். வெள்ளி மாலைக் காட்சி போதும், கூட்டம் தேவையில்லை.

இன்னொன்று, சின்னப் படம் என்று ஒதுக்கப்படும் சிரிப்புப் படம். பெரிய நடிகர் இல்லை, வீட்டில் பார்க்கலாம் என்று தோன்றும். தப்பு. சிரிப்புக்குக் கூட்டம் வேண்டும், மாஸ் படத்துக்கு வேண்டியதைவிட அதிகமாக. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ 2025 மே 1ல், தடைக்காலத்தின் நடுவில் வந்தது. இரண்டு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும் படம். இலங்கையிலிருந்து படகில் வந்த குடும்பம் ராமேசுவரம் கரையில் இறங்குவதில் கதை தொடங்குகிறது. 32 நாளில் ஓடிடிக்கும் வந்துவிட்டது. அந்தக் கரை இறங்கும் காட்சியை, அதே கரையில் படகு கட்டுகிறவர்கள் நிறைந்த ராமநாதபுரம் தியேட்டரில், கவுன்டரில் எடுத்த டிக்கெட்டில் பார்ப்பதற்கும் வீட்டில் போனை நோண்டிக்கொண்டே பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு நாலு பேருக்கு 520 ரூபாய் அதிகம் இல்லை.